மாதாந்திர வேலையின்மை அறிக்கை: இலவசம்தான், பார்த்துப் படிக்கணும்

மத்திய புள்ளியியல் அமைச்சகம் 2025 முதல் மாதாமாதம் வெளியிடும் அறிக்கை இது. இணையதளத்தில் பிடிஎஃப்பாக இலவசமாகக் கிடைக்கிறது. கிராமம், நகரம், ஆண், பெண், 15–29 வயது என்று பிரித்துத் தருவது பெரிய வசதி.

சிக்கல் வரையறையில் இருக்கிறது. கணக்கெடுப்புக்கு முந்தைய 7 நாளில் ஏதாவது ஒரு நாள் 1 மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். அப்பாவின் மளிகைக் கடையில் சம்பளமில்லாமல் பொட்டலம் மடிக்கும் பி.இ. பட்டதாரியும் அப்படித்தான். வேலையே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டவரோ கணக்கிலேயே வரமாட்டார். வேலையின்மைச் சதவீதத்தில் வகுக்கும் எண் மொத்த மக்கள்தொகை அல்ல, வேலை செய்வோரும் தேடுவோரும் மட்டுமே.

பலர் சறுக்குவது ஒப்பீட்டில். அதே அமைச்சகத்தின் 2023-24 ஆண்டறிக்கையில் வேலையின்மை 3.2 சதவீதம், மாதாந்திர அறிக்கையில் 2025 ஏப்ரலில் 5.1 சதவீதம், உடனே 'எகிறிவிட்டது' என்று கூவக்கூடாது. முன்னது ஓராண்டு நிலவரம், பின்னது ஒரு வார நிலவரம். அளவுகோலே வேறு.

அடுத்தடுத்த மாதங்களை ஒப்பிடுவதும் ஆபத்து. அறுவடை முடிந்ததும் கிராமத்தில் வேலை குறையும். அது பருவகால வேலையின்மை. அதே மாதத்தை முந்தைய ஆண்டோடு வைத்துப் பாருங்கள்.

காரணம் தேடுவோருக்கு இந்த அறிக்கை போதாது. படித்தவர்களிடையே வேலையின்மை ஏன் அதிகம் என்று அலச, ஆண்டறிக்கையின் கல்வித்தகுதி அட்டவணைகளுக்குத்தான் போகவேண்டும். அவை கொஞ்சம் கரடுமுரடு, ஆனால் சரக்கு அங்கேதான்.