செல்களின் ஆர்என்ஏ சிதைவை அறியச் சிறுநீரில் எதை அளப்பது: யூரிக் அமிலமா, சூடோயூரிடினா?

யூரிக் அமிலத்தை எந்த ஆய்வகத்திலும் குறைந்த செலவில் பார்த்துவிடலாம். ஆனால் நேற்றிரவு சாப்பிட்ட ஈரலும் மத்தி மீனும்கூட அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும்.

சூடோயூரிடினில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆர்என்ஏ உருவான பிறகு, அதிலிருக்கும் யூரிடின் (யுராசில் என்ற காரமும் ஒரு சர்க்கரையும் சேர்ந்த துண்டு) திருத்தப்பட்டுப் பிறப்பது இது. வழக்கமாகச் சர்க்கரையை நைட்ரஜன் வழியே பிடிக்கும் யுராசில், இங்கே திரும்பி கார்பன் வழியே இறுகப் பிடித்திருக்கும். அந்தப் பிணைப்பை உடைக்கும் நொதி மனித உடலில் இல்லை. அதனால் ஆர்என்ஏ சிதையச் சிதைய, இது அப்படியே சிறுநீரில் இறங்கிவிடுகிறது. லுகேமியா (ரத்தப் புற்று), லிம்போமா (நிணநீர்ப் புற்று) நோயாளிகள் பலரிடம் அளவு கூடுகிறது.

எந்தப் புற்று என்று இது சொல்லாது; அளக்க, கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி போன்ற கருவியும் வேண்டும். இருந்தும், செல்களின் ஆர்என்ஏ சிதைவைத் தொடர்ந்து கவனிக்க நான் சூடோயூரிடினையே தேர்ந்தெடுப்பேன். 24 மணி நேரச் சிறுநீர் கிடைக்காவிட்டால் தசைகளிலிருந்து வந்து சிறுநீரில் ஏறக்குறையச் சீராக வெளியேறும் கிரியேட்டினினின் அளவால் வகுத்துப் பார்க்க வேண்டும்.