குங்குமப்பூ என்ற பெயரில் குசும்பாப் பூ: வாங்குவோர் கவனத்திற்கு

கருவுற்றிருக்கும் என் தங்கைக்குப் பாலில் கலந்து கொடுப்பதற்காக, மலைவாசத்தலம் ஒன்றிலுள்ள மசாலாக் கடையில் குங்குமப்பூ கேட்டேன். ‘அசல் காஷ்மீர்ச் சரக்கு’ என்று சொல்லி, 10 கிராம் டப்பா ஒன்றை 900 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். உள்ளே இருந்தது முழுக்க முழுக்கக் குசும்பாப் பூ.

இரண்டும் பூக்கும் தாவரங்கள் என்பதைத் தாண்டி அவற்றுக்குள் நெருங்கிய உறவு கிடையாது. குங்குமப்பூச் செடி ஐரிஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவித்திலைத் தாவரம். அது விதை பிடிக்காது என்பதால் கிழங்கை நட்டுத்தான் பெருக்குகிறார்கள். காஷ்மீரின் பாம்பூர் வயல்களில் இலையுதிர்காலத்தில் மலரும் அந்த ஊதாப் பூ ஒவ்வொன்றிலும் மூன்றே சூலகமுடிகள்தான் (நாம் குங்குமப்பூ என்று வாங்கும் சிவப்பு இழைகள்) இருக்கும். அவற்றைக் கையால் கிள்ளியெடுத்து உலர்த்தினால், ஒரு கிராம் சேர்வதற்கே ஏறத்தாழ 150 பூக்கள் வேண்டும். குசும்பாவோ சூரியகாந்திக் குடும்பத்து முட்செடி. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் எண்ணெய் வித்துக்காக மானாவாரியில் விளைவது. அதன் ஒரே பூந்தலையில் சிறுபூக்கள் கொத்துக் கொத்தாகக் கிடைத்துவிடும்.

நீரில் போட்டு நிறம் பார்க்கும் சோதனையைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். குசும்பாவும் நீரை மஞ்சளாக்கும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. வெதுவெதுப்பான நீரில் ஊறிய இழையை வெள்ளைத் தட்டில் விரித்து, வடிவத்தைப் பாருங்கள். அசல் இழையின் ஒரு முனை எக்காளத்தின் வாய்போல அகன்று, ஓரம் சற்றே பிசிறியிருக்கும். எனக்குக் கிடைத்த இழைகளோ மெல்லிய குழல்களாக இருந்தன. நுனியில் ஐந்து குறுகிய பிளவுகளும் நடுவில் மஞ்சள் தண்டும் தெளிவாகத் தெரிந்தன. குங்குமப்பூவுக்கே உரிய மணமும் நாவில் தங்கும் கசப்பும் அவற்றில் துளியும் இல்லை.

பணம் போனதைவிட எனக்குக் கோபமூட்டியது வேறொன்று. சீன மரபு மருத்துவத்தில் மாதவிலக்கைத் தூண்டுவதற்குப் பயன்படும் குசும்பாப் பூவைக் கருவுற்ற பெண்கள் தவிர்க்க வேண்டும் என்பது வழக்கமான எச்சரிக்கை. யாருக்காக வாங்குகிறேன் என்று தெரிந்தேதான் அதை விற்றிருக்கிறார்கள்.

தொலைபேசியில் கேட்டபோது, ‘இதுவும் பூதானே சார்’ என்றார் கடைக்காரர். ரசீதில் வெறுமனே ‘பூ’ என்று எழுதியிருப்பதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. டப்பாவில் தயாரிப்பாளர் முகவரியோ உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணோ இல்லை. ஆகவே, ரசீதில் பொருளின் பெயரை முழுமையாக எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், டப்பாவைத் தூக்கியெறியாமல் வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள்.