பென்சன் காசு, இரண்டு நாய், ஒரு பூனை: வன்னியில் எந்த வீடு?

நானும் அவரும், ஜிம்மியும் றொனியும், இன்னும் பெயர் வைக்காத ஒரு பூனையும். இந்த ஐந்து பேருக்கும் கடைசிவரை இருக்க ஒரு வீடு வேண்டும். வருமானம் என்னுடைய ஆசிரியப் பென்சன் மட்டும்தான். அவர் சங்கக்கடையில் மனேஜராக இருந்தவர். சேமலாப நிதியில் வந்த காசு மகளின் கலியாணத்தோடு முடிந்தது. அரச சேவையில் ஓய்வு வயதைத் திரும்பவும் 60 ஆக்கி, 2022 டிசம்பர் 31ஆம் திகதியோடு ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. 65 வரை சம்பளம் வரும் என்று போட்டு வைத்த கணக்கெல்லாம் அதோடு போயிற்று.

வவுனியாவில் இப்போது வாடகைக்கு இருக்கும் பாதி வீட்டை விடச் சொல்லிவிட்டார்கள். தேடியதில் மூன்று வழி மிஞ்சின. வவுனியா டவுனுக்குள்ளேயே இன்னொரு பாதி வீடு. கிளிநொச்சியில் வெளிநாட்டுக்காரர் ஒருவரின் வீட்டைப் பார்த்துக்கொண்டு வாடகையில்லாமல் இருப்பது. ஒட்டுசுட்டான் பக்கம் தம்பியின் வீட்டுத்திட்ட வீடு. மகள் நாலாவதாக முதியோர் இல்லம் ஒன்றைச் சொன்னாள். போன் எடுத்தேன். சாப்பாடு, மருந்து, கட்டில் எல்லாம் அந்தப் பிள்ளை ஆறுதலாக விளங்கப்படுத்தினாள். நாயைப் பற்றிக் கேட்டதும் சிரித்தாள். அதோடு அந்தக் கதை சரி.

நாய் வைத்திருக்க விடுவார்களா என்பது எங்கள் பக்கத்தில் ஒரு கேள்வியே இல்லை. வாடகைக்கு ஒப்பந்தம் எழுதுவதே குறைவு, அதில் நாயைப் பற்றி யார் எழுதப் போகிறார்கள்? வீடு பார்க்கப் போன இடமெல்லாம், "நாய் நிக்கிறது நல்லது ரீச்சர், கள்ளன் கிட்ட வரமாட்டான்" என்றுதான் சொன்னார்கள். வில்லங்கம் மூன்று மாதம் கழித்துத் தொடங்கும். இரவில் குலைக்குது, கோழியைப் பிடிச்சிட்டுது, முத்தத்தை அசிங்கப்படுத்துது. ஆகவே வீடு பார்க்கும்போது சொந்தக்காரரின் முகத்தைப் பார்த்துப் பயனில்லை. வேலியையும் அடுத்த வீட்டையும் பார்க்க வேண்டும். இது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

முதலில் வவுனியா. பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, அவருடைய நீரிழிவு கிளினிக் இருக்கிறது, கால்நடை வைத்தியர் இருக்கிறார், நாய்க்கு உண்ணி மருந்து தேடி அலையத் தேவையில்லை. நள்ளிரவிலும் ஓட்டோ பிடிக்கலாம். விலை என்ன என்றால், வாடகை என் பென்சனில் மூன்றில் ஒரு பங்கைத் தின்னும், அதற்கு முன்னால் ஆறு மாதமோ ஒரு வருடமோ அட்வான்ஸ் வைக்க வேண்டும். பிறகு தண்ணீர். இங்கே கிணற்றுத் தண்ணீர் கடினம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடக்கும். சிறுநீரக நோயாளிகள் கூடின மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று என்பதால், குடிக்கிற தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறோம். நாய்களுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். மனம் உறுத்தத்தான் செய்கிறது.

பாதி வீடு என்றால் ஒரு வளவு, ஒரு கிணறு, ஒரு படலை, இரண்டு குடும்பம். போன வருடம் அவருக்குக் காலில் புண் வந்து ஒன்பது நாள் வார்டில் இருந்தார். நான் பகலெல்லாம் ஆஸ்பத்திரியில். முன்பாதி ஆக்கள் கெட்டவர்கள் இல்லை, ஆனால் நாய்க்குச் சோறு வைக்கச் சொல்லிக் கேட்கும் அளவுக்குப் பழக்கமும் இல்லை. கட்டிப் போட்ட நாய் இரண்டும் பசியில் இரவு இரவாக ஊளையிட்டன. ஒன்பதாம் நாள் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கியபோது, வீட்டுக்காரர் படலையடியில் நின்றார். "ரீச்சர், கோவிக்காதேங்கோ. வேற வீடு ஒண்டு பாருங்கோ" என்றார். கோவிக்க என்ன இருக்கிறது? நானே அந்த முன்பாதியில் இருந்திருந்தால் நாலாம் நாளே முறைப்பாடு சொல்லியிருப்பேன். டவுனில் இன்னொரு பாதி வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான் வேறு படலையடியில் நடக்கும்.

கிளிநொச்சி வீட்டைப் பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், ஆசை வந்தது. மாபிள் பதித்த நிலம், அறையோடு குளியலறை, சுற்றுமதில், இரும்புக் கேற். வாடகை இல்லை, கரண்ட் காசும் அவர்களே கட்டுவார்களாம். வீட்டுக்காரர் குடும்பமாகக் கனடாவில் இருக்கிறார்கள். நாங்கள் கிளிநொச்சிக்குப் போனால் அவருடைய வைத்தியத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி உண்டு. 2013 செப்டம்பரிலிருந்து ரயிலும் கிளிநொச்சி வருவதால், கொழும்பில் கண் காட்டப் போவதும் லேசு. செலவைப் போட்டுப் பார்த்தால் மூன்றிலும் இதுதான் மலிவு.

ஆனால் நாய் வீட்டுக்குள் வரக்கூடாது, மாபிளில் கீறல் விழும். சரி, விறாந்தையில் படுக்கட்டும். யூலை, ஓகஸ்ட்டில் நல்லூர்த் திருவிழாவை ஒட்டி அவர்கள் குடும்பமாக வந்தால் நாங்கள் ஆறு கிழமை வேறு எங்காவது இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் மகள் வீட்டில் ஒதுங்கலாம், நாய்கள்? வீட்டை விற்க நினைத்தால் ஒரு மாதத் தவணை. இதில் ஒன்றும் எழுத்தில் இல்லை. இவற்றையெல்லாம்கூடப் பேசித் தீர்த்திருக்கலாம். என்னைத் தடுத்தது வேறு. இடது பக்கத்து வீடு பூட்டு, வலது பக்கத்து வீடும் பூட்டு. இரண்டும் வெளிநாட்டுக்காரருடையவை. மதிலுக்கு மேலால் எட்டிக் கூப்பிட ஒரு மனிதர் இல்லை.

தம்பியின் வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியது. ஐந்து இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபாயைக் கட்டம் கட்டமாகக் கொடுத்து, உரிமையாளரே கட்டிக்கொள்ள விட்ட திட்டம். அந்தக் காசுக்குள் முடியாமல் அவன் கடன்பட்டதும், யன்னலுக்கு நிலை வாங்காமல் ஒரு மாரியைச் சாக்கால் மூடிக் கழித்ததும் எனக்குத் தெரியும். இரண்டு அறை, ஒரு விறாந்தை, குசினி. அவன் பிள்ளைகளின் படிப்புக்காக முல்லைத்தீவு டவுனுக்குப் போனபின் வீடு சும்மா கிடக்கிறது. "அக்கா, நீங்க வந்து இருங்கோ, வாடகை என்ன வாடகை" என்கிறான்.

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். காணி உறுதிக் காணி அல்ல, அரச அனுமதிப்பத்திரக் காணி. வன்னியில் குடியேற்றக் காணி பெரும்பாலும் இப்படித்தான், 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. தம்பிக்கு ஏதும் நடந்தால் உரிமை அவன் மனைவிக்கும், அவன் பெயர் குறித்த பின்னுரித்தாளருக்கும் போகும், அக்காவுக்கு வராது. நான் அங்கே வேலி அடித்தாலும் குழாய்க்கிணறு தோண்டினாலும் அது அவன் காணியில் போட்ட காசு. இதை வெளிப்படையாகப் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் அவனையும் தம்பி பெண்சாதியையும் இருத்தி வைத்துப் பேசினேன். ஓய்வெடுத்தபின் உறவுக்காரர் வீட்டுக்குப் போகிற எவரும் முதல் நாளே இதைப் பேசிவிட வேண்டும். நன்றாக இருக்கும்போது பேசாததை, கசந்தபின் பேச முடியாது.

நாய்களுக்கு அது சொர்க்கம் என்று மகள் நினைக்கிறாள். அவள் டவுனில் வளர்ந்தவள். வேலி இல்லாத வளவில் நாய் காட்டுக்குள் இறங்கும். அங்கே காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி இருக்கும், பன்றி வெடியும் இருக்கும். குளத்தில் முதலை உண்டு. மழைக்குப் புடையன் பாம்பு முற்றத்துக்கே வரும். நரியும் தெருநாயும் கலந்து திரியும் இடத்தில் விசர்நாய்த் தடுப்பூசியை ஒரு வருடமும் தவறவிட முடியாது. சுகாதாரப் பகுதியினர் ஊர் ஊராக வந்து இலவசமாகவே போடுகிறார்கள், நாள் அறிந்து கொண்டுபோனால் போதும். மிச்ச வைத்தியம் தூரம். ஆஸ்பத்திரி என்றால் மாங்குளம் ஒரு பக்கம், முல்லைத்தீவு மாஞ்சோலை மறு பக்கம். ஒட்டுசுட்டான் அந்தத் தெருவில் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. பஸ் உண்டு, ஆனால் இருட்டினபின் நம்ப முடியாது.

சாப்பாட்டுக் கணக்கையும் சொல்லவேண்டும். 2022இல் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டிப் போனபோது, இரண்டு நாய்க்குச் சோறு போடுவதைப் பார்த்து அயலவர்கள் என்னைப் பைத்தியம் என்றார்கள். அங்கே முல்லைத்தீவுக் கடலிலிருந்து காலையில் மோட்டார் சைக்கிளில் மீன் வருகிறது. வெட்டின தலையும் குடலும் சும்மாவே கிடைக்கும். குறுணல் அரிசி மில்லில் மலிவு. வவுனியாவில் நாய்ச் செலவு ஒரு சின்னக் கரண்ட் பில் அளவு என்றால், அங்கே அதில் பாதியும் வராது.

இவ்வளவுக்கும், என்னை அந்தப் பக்கம் சாய்த்தது மீன் அல்ல. வளவைப் பார்க்கப் போனபோது அடுத்த வீட்டு மாமி கிடுகு வேலிக்கு அங்காலிருந்து, "ஆர் பிள்ளை அது?" என்று கேட்டா. தம்பியின் அக்கா என்றேன், இரண்டு நாய் இருக்கு என்றும் சொன்னேன். "என்ர வீமனும் நிக்கிறான், மூண்டுக்கும் ஒண்டாச் சோறு வைச்சால் போச்சு" என்றா. அவருக்குக் கிளினிக் நாள் வந்தால், ஒன்பது நாள் வார்டு திரும்ப வந்தால், அந்தக் குரல் எனக்குப் போதும். இரவில் வருத்தம் கடுமையானால் ஓட்டோ வைத்திருக்கும் பொடியன் இரண்டு வளவு தள்ளி. அவனுடைய நம்பரை அன்றைக்கே எழுதி எடுத்தேன்.

வவுனியாவில் திருப்பிக் கிடைக்கும் அட்வான்ஸ் காசில் முதலில் சுற்றிவரக் கம்பி வேலி. கம்பியும் கட்டையும் தம்பி விலை கேட்டுச் சொல்லியிருக்கிறான். தண்ணீர் தம்பியின் கட்டுக் கிணறே போதும், குழாய்க்கிணறு இப்போதைக்கு இல்லை. பஸ்ஸில் நாய் ஏற்றமாட்டார்கள் என்பதால் சாமானோடு சேர்த்து ஒரு பட்டா லொறி பிடித்தாயிற்று, தைப்பொங்கல் கழிந்த அடுத்த ஞாயிறு. ஜிம்மியும் றொனியும் கட்டிலுக்குக் கீழே கயிற்றில். பூனையைத்தான் எதில் போட்டுக் கொண்டுபோவது என்று இன்னும் தெரியவில்லை. உரப்பை என்கிறார் அவர். மூச்சுமுட்டிச் செத்துப்போகும், கோழிக்கூடு ஒன்று வாங்குங்கோ என்று சொல்லியிருக்கிறேன்.