டியூப்லெஸ் பஞ்சர்: ஸ்ட்ரிப்பா, மஷ்ரூம் பேட்ச்சா?

ஸ்ட்ரிப் (துளையில் திணிக்கும் ரப்பர் திரி) என்றால் டயரை ரிம்மிலிருந்து கழற்ற வேண்டாம். ஆணியைப் பிடுங்கி, துளையை ராவி, பசை தடவிய ஸ்ட்ரிப்பை ஊசியில் கோத்துக் குத்தி, ஊசியை மட்டும் உருவினால் 10 நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடும். சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று மட்டும் பாருங்கள். நடுவழியில் கைகொடுப்பது இதுதான். என் டிக்கியில் இந்தக் கிட் எப்போதும் இருக்கும்.

ஆனால் அது துளையை அடைக்கிறதே தவிர, டயரின் உள்பக்கத்தை மூடுவதில்லை. ஈரம் இறங்கினால் உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி துருப்பிடிக்கும். மஷ்ரூம் என்பது காளான் வடிவ ரப்பர் பேட்ச்; அதன் காம்பு துளையை நிரப்பும், குடை உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். டயரைக் கழற்ற வேண்டும், வீல் பேலன்சிங்கும் (சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது) பார்க்க வேண்டும், செலவு கூடுதல்தான். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் அதற்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

பக்கச்சுவரில் ஓட்டை என்றால் இரண்டுமே கூடாது. டயரை மாற்றிவிடுங்கள்.