ஒட்டுசுட்டானில் தையல், கொழும்பிலிருந்து நூல்: மூன்று வருடக் கணக்கு

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் வீட்டிலிருந்தே தைக்கிறேன். ஊசி, நூல், ஜிப், பொபின் என்று எது முடிந்தாலும் முன்பெல்லாம் வவுனியாவுக்குத்தான் போக வேண்டும். மாங்குளம் போய், ஏ9 வீதியில் பஸ் மாறிப் போய், திரும்பி வீடு வர அந்தப் பகல் முடிந்துவிடும். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, கியூஆர் முறையில் மோட்டர் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல்தான் முதலில் கொடுத்தார்கள். அது என் வீட்டுக்காரர் வயலுக்குப் போய்வரவே போதவில்லை. பஸ்ஸையும் நம்ப முடியாது. அப்போதுதான் போனில், ஒன்லைன் கடையில், முதல் தடவை நூல் ஓடர் போட்டேன். தட்டுப்பாடு போய்விட்டது, ஓடர் போடுவதை நான் விடவில்லை.

பலரும் என்னிடம் கேட்பது, “அக்கா, கடையை விட மலிவோ?” என்றுதான். சாமானின் விலையை மட்டும் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. சிலது மலிவு, சிலது வவுனியா விலையேதான். 2024 தை மாதம் வற் வரி 15 இலிருந்து 18 வீதமானதும் இரண்டு பக்கமும் ஏறியது. எனக்கு மிச்சம் வருவது வேறு இடத்தில். வவுனியா போய்வந்தால் பஸ் காசும் சாப்பாடுமாக என் கொப்பியில் 1,200 ரூபா விழும். அன்று தைத்திருக்கக்கூடிய இரண்டு சாறி பிளவுஸின் கூலி 1,600. பார்சல் வீட்டுக்கு வர ஏறக்குறைய 400 ரூபா எடுக்கிறார்கள். ஒரு தடவைக்கு 2,400 ரூபா மிச்சம். அந்தப் பகலும் என் கையில் இருக்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வரும்போது நானும் வீட்டில் இருக்கிறேன்.

ஆனால் ஒரு ஜிப்புக்கு 400 ரூபா கொடுத்தால் நட்டம்தான். அதனால் தேவையானதைக் கொப்பியில் எழுதி வைத்து மாதத்துக்கு ஒருக்கால்தான் போடுகிறேன். பக்கத்தில் தைக்கிற இரண்டு தங்கச்சிமாரும் தங்கள் சாமானை அதோடு சேர்ப்பார்கள். பார்சல் கூலியை மூன்றாகப் பிரித்துக்கொள்வோம். ஒரே விற்பனையாளரிடம் எடுக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். மூன்று கடையில் எடுத்தால் மூன்று பார்சல், மூன்று கூலி.

தைக்கிறவர்களுக்கு ஊசியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வீட்டு மெஷினுக்குப் போடுவது எச்ஏ×1. அதன் மேல்தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். கார்மென்ட்ஸில் பாவிக்கிற பெரிய மெஷினுக்கு டிபி×1, அதன் தண்டு உருண்டை. படத்தில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். 14ஆம் நம்பர் என்று மட்டும் பார்த்து ஒரு பெட்டி டிபி எடுத்துவிட்டேன், ஒன்றும் என் மெஷினில் ஏறவில்லை. நம்பர் ஊசியின் பருமனைத்தான் சொல்லும், எந்த மெஷினுக்கு என்பதை அந்த எழுத்துத்தான் சொல்லும். இப்போது பழைய ஊசிப் பெட்டியைப் படம் எடுத்து விற்பனையாளருக்கு அனுப்பி, “இதுதானா?” என்று கேட்ட பிறகுதான் காசைப் பற்றி யோசிப்பேன்.

நூலும் அப்படித்தான். நூல் கோனின் படத்தை வைத்து அதில் 1,000 யார் (கஜம்) நூலா, 5,000 யார் நூலா என்று கண்டுபிடிக்கவே முடியாது. மலிவாக இருக்கிறதே என்று எடுத்தால் கோன் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கோன் விலையை விட்டு, ஒரு யார் நூல் என்ன விலை என்று பிரித்துப் பாருங்கள்.

துணி மட்டும் வேண்டாம். பள்ளிக்கூடச் சட்டைக்கு என்று ஒருமுறை வெள்ளைத் துணி எடுத்தேன். படத்தில் தடிப்பாக இருந்தது. ஒரு தடவை தோய்த்ததும் உள்ளே போட்டது வெளியே தெரிந்தது. திருப்பி அனுப்பலாம் என்றார்கள், ஆனால் பார்சலை நகரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்தப் பயணம் மிச்சம் பிடித்ததை எல்லாம் தின்றுவிட்டது. துணியைக் கையால் பிடித்து, வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

எங்கள் ஒழுங்கைகளில் பல வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. முகவரியில் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் இருந்து எப்படி வருவது என்று எழுதிவிடுவேன். அப்படி எழுதியும் டெலிவரித் தம்பி, “அக்கா, கோயிலைத் தாண்டிட்டன், எந்தப் பக்கம் திரும்பிறது?” என்று எடுப்பார். அந்த நேரம் போன் கையில் இருக்க வேண்டும், மாற்றிய காசும் இருக்க வேண்டும். பாவம், வெயிலில் அவ்வளவு தூரம் வருகிறவரை நிற்க வைக்கக் கூடாது. கொழும்பிலிருந்து இங்கே வர எனக்கு நாலைந்து நாள் எடுக்கிறது. கார்த்திகை, மார்கழி மழையில் ஒரு கிழமைக்கு மேலும் போகும். தை மாதப் பள்ளிக்கூடத் தையலுக்கு வேண்டியதை அதனால் ஐப்பசியிலேயே எடுத்து வைக்கிறேன்.

பார்சல் கைக்கு வந்த பிறகு காசு கொடுக்கிற முறையைத்தான் பாவிக்கிறேன். ஆனாலும் காசு கொடுத்த பிறகுதான் பிரிக்க விடுவார்கள். ஆகவே பிரிக்கும்போது மகள் போனில் வீடியோ எடுப்பாள். இரண்டு தடவை அந்த வீடியோவைக் காட்டித்தான் காசு திரும்ப வந்தது. யார் எடுத்து ஓடிபி இலக்கம் கேட்டாலும் சொல்லாதீர்கள். விற்பனையாளர் பதில் சொல்லாமல் விட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு எடுத்து முறையிடலாம்.

சந்திக் கடையை நான் விடவில்லை. என்னிடம் தைக்கக் கொடுக்கிற பலர் மாசியில் நெல் அறுத்த பிறகுதான் கூலி தருவார்கள். அதுவரை பட்டனும் நூலும் அந்தக் கடையில் கடன் கொப்பியில்தான் ஏறுகின்றன. போனில் அந்தக் கடன் கிடைக்காது.

இப்போது துணியின் ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லொக் மெஷின் ஒன்று பார்க்கிறேன். போனில் விலை குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றில் மோட்டர் 110 வோல்ட் என்று போட்டிருக்கிறது, நம் வீட்டு மின்சாரம் 230. இன்னொன்றில் பழுதானால் கொழும்புக்கு அனுப்பச் சொல்கிறார்கள். இதற்கு மட்டும் ஒரு பகலைச் செலவழித்து வவுனியா போகப் போகிறேன், தைக்கிற துணியில் ஒரு துண்டையும் கையோடு கொண்டுபோய் ஓட்டிப் பார்க்க.