30 இன்ச் பேஸ்: சின்ன உடம்புக்காரியின் நெடுநாள் அனுபவம்

எனக்கு உயரம் நாலடி பத்தங்குலம். வளையல் கடைக்குப் போனால் நான் அளவு சொல்வதற்கு முன்பே கடைக்காரம்மா சின்னப் பிள்ளைகள் அடுக்கில் கை வைத்துவிடுவார். இந்தக் கையோடு பேஸ் கித்தார் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் நாலு கம்பிக் கித்தார்) பழக ஆரம்பித்து மூன்று தீபாவளி தாண்டிவிட்டது. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்துக் கோயில் திருவிழா, டேவானில் (பொது மண்டபத்தில்) கல்யாண விருந்து, யாராவது வீட்டுப் பிறந்தநாள் என்று எங்கே வாசித்தாலும் ஒரே பேஸ்தான். 30 இன்ச் ஸ்கேல், ஆயிரம் வெள்ளிக்குள் முடிந்தது. "என் மகளுக்கு எது வாங்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். கம்பெனிப் பெயர் சொல்லப்போவதில்லை. நான் சொல்லும் குறைகள் அந்த விலையில், அந்த அளவில் வரும் பெரும்பாலான பேஸ்களுக்கும் பொருந்தும்.

முதலில் ஸ்கேல் என்றால் என்ன என்பது தெளிவாக வேண்டும். தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட்டிலிருந்து, கீழே பிரிட்ஜில் அது தொடும் இடம் வரை உள்ள நீளம்தான் ஸ்கேல். 1951-இல் ஃபெண்டர் கம்பெனி பிரிசிஷன் பேஸை 34 இன்ச்சில் கொண்டு வந்தது. அதன் பிறகு உலகம் அந்த அளவையே பிடித்துக்கொண்டது. ஈப்போவில் எந்த இசைக்கருவிக் கடைக்குப் போனாலும் சுவரில் தொங்குவதில் முக்கால்வாசி 34 தான். அதற்குக் கீழே 32, 30, இன்னும் கீழே 28.6 என்று இருக்கின்றன. கடைக்காரர்கள் பொதுவாக, "34 எடுங்க, போகப் போக கை பழகிடும்" என்பார்கள். விரல் வலு பழகும், உண்மைதான். விரல் நீளம் பழகாது.

கணக்கைப் பாருங்கள். நெக்கில், அதாவது கித்தாரின் கழுத்தில், குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட். முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல், நான்காவது ஃப்ரெட்டில் சுண்டு விரல். 34 இன்ச்சில் இந்த இரண்டு ஃப்ரெட் கம்பிகளுக்கும் நடுவே ஏறக்குறைய 13 சென்டிமீட்டர். 30 இன்ச்சில் 11.4. ஒன்றரை சென்டிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைப்பவர்கள் மேசையில் கையை வைத்து விரலை விரித்துப் பார்க்கட்டும். எனக்கு 13-க்கு விரிய வேண்டுமென்றால் மணிக்கட்டு உள்பக்கமாக மடங்குகிறது, கட்டைவிரல் நெக்கின் பின்னாலிருந்து நழுவுகிறது. அந்த நிலையில் ஒரு பாட்டு முழுக்க வாசித்தால் முன்கை எரியும். 30-இல் மணிக்கட்டு நேராக நிற்கிறது.

ஆகவே கடையில் பேஸை மடியில் வைத்ததும் எல்லாரும் செய்வது போல நடு நெக்கில் எதையாவது தட்டிப் பார்க்காதீர்கள். அங்கே எல்லா பேஸும் சுலபம்தான். நேராக எல்லாவற்றிலும் தடித்த ஈ கம்பியின் முதல் ஃப்ரெட்டுக்குப் போங்கள், அங்கே ஆள்காட்டி விரலை வையுங்கள், சுண்டு விரலை நான்காவதுக்கு நீட்டுங்கள். மணிக்கட்டைப் பாருங்கள். பிறகு வார் மாட்டி, எழுந்து நின்று, அதையே இன்னொரு முறை செய்யுங்கள். உட்கார்ந்தபோது எட்டிய விரல் நின்றதும் எட்டாமல் போனால் அந்த பேஸ் உங்களுக்கு இல்லை.

இங்கே ஒரு குழப்பம் எப்போதும் வரும். "ஜாஸ் பேஸ் வாங்கு, அதன் நெக் ஒல்லி, சின்னக் கைக்கு ஏற்றது" என்று சொல்வார்கள். ஜாஸும் ஃபெண்டர் மாடல்தான். நெக்கின் அகலம் நட் பக்கம் ஜாஸ் 38 மில்லிமீட்டர், பிரிசிஷன் 41 போல வரும். அந்த மெலிவு நாலு கம்பியையும் குறுக்கே கடப்பதற்கு உதவும். ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் உள்ள தூரத்தை ஒரு மயிரிழைகூடக் குறைக்காது. ஒல்லி வேறு, குட்டை வேறு. சின்னக் கைக்கு முதலில் வேண்டியது குட்டை.

34-ஐ விட்டால் வேறு வழியில்லை என்றாலும் பிழைத்துக்கொள்ளலாம். ஆளுயர டபுள் பேஸ் வாசிப்பவர்கள் நட் பக்கத்தில் மோதிர விரலைத் தனியாகப் பயன்படுத்தாமல் ஆள்காட்டி, நடு, சுண்டு என்று மூன்று ஃப்ரெட் அளவை மட்டும் பிடித்து, மற்றதற்குக் கையை நகர்த்துவார்கள். அந்த முறை 34 இன்ச்சில் சின்னக் கையைக் காப்பாற்றும். ராக் பாடகி சூஸி குவாட்ரோ அவ்வளவு சின்ன உருவம், வாசித்தது முழு நீள பிரிசிஷன். முடியாது என்று நான் சொல்லவில்லை. பழகுகிற முதல் வருஷத்தில் அந்தச் சண்டை எதற்கு என்பதுதான் என் கேள்வி.

இனி என் பேஸின் குறைகள். முதலாவது, தலை சாய்வது. உடல் சின்னதாகவும் லேசாகவும் செய்துவிட்டு, தலையில் வழக்கமான கனமான சுருதி முறுக்கிகளையே போட்டிருக்கிறார்கள். கையை விட்டால் தலை தரையைப் பார்க்கிறது. வார் மாட்டும் மேல் கொம்பு பன்னிரண்டாவது ஃப்ரெட் பக்கம் வரை நீண்டிருந்தால் இந்தத் தொல்லை குறையும். என்னுடையதில் கொம்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது. இடது கை நெக்கைத் தாங்கவும் வேண்டும், வாசிக்கவும் வேண்டும் என்றால் குட்டை ஸ்கேலில் மிச்சம் பிடித்த சுகமெல்லாம் அதிலேயே போய்விடும். தீர்வு மலிவு: மூன்று இன்ச் அகலத்தில், உள்பக்கம் சொரசொரப்பான தோல் வார். வழுவழு நைலான் வாரைக் கழற்றிப் போட்ட அன்றே தலை நின்ற இடத்தில் நின்றது. எடை குறைவு என்று மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். லேசான, ஆனால் தலை சாயும் பேஸைவிட கொஞ்சம் கனமான, சமமாக நிற்கும் பேஸ் தோளுக்கு நல்லது.

இரண்டாவது, ஈ கம்பி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரே கனமுள்ள கம்பி, ஒரே சுருதி என்றால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். 34-லிருந்து 30-க்கு வந்தால் இழுவிசை 22 சதவீதம் குறைகிறது. 28.6-க்கு வந்தால் 29 சதவீதம். விரலுக்கு இது சுகம், புதியவர்களுக்குக் கொப்புளம் குறையும். ஆனால் ஈ கம்பி துணி காயப்போடும் கொடி போலத் தொய்கிறது. கொஞ்சம் அழுத்தி மீட்டினால் ஃப்ரெட்டில் அடித்துச் சலசலக்கிறது. பேஸோடு கூட வந்த மெல்லிய கம்பியில் வாசித்த காலம் வரை கீபோர்டு அண்ணன் ஒவ்வொரு பாட்டுக்கும் திரும்பிப் பார்ப்பார். "என்னம்மா, சுருதி இறங்கிடுச்சா?" சுருதி சரியாகத்தான் இருந்தது. தொய்ந்த கம்பியை ஓங்கி மீட்டினால் அடிக்கிற நொடியில் சுருதி ஏறிப் பிறகு இறங்கும். அவர் காது அதைப் பிடித்துவிட்டது.

50 முதல் 105 வரை தடிமன் உள்ள (இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்), ஷார்ட் ஸ்கேலுக்கென்றே செய்த கம்பி போட்டதும் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. தடித்த கம்பிக்கு நட் பள்ளத்தைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியிருந்தது. நம் ஊரில் இந்தக் கம்பி கிடைக்காது, ஆன்லைனில்தான். கிடைக்கவில்லையே என்று நீளக் கம்பியை வாங்கி வெட்டிப் போடுவார்கள். அப்படிப் போட்டால் பட்டுநூல் சுற்றிய மெல்லிய முனை வெட்டுப்பட்டுப் போய், கம்பியின் தடித்த பகுதி முறுக்கியில் சுற்றிக்கொள்ளும். சுற்று சரியாக உட்காராது, சுருதி நிற்காது. வேறு வழியில்லாமல் வெட்டத்தான் வேண்டுமென்றால், வெட்டும் இடத்துக்கு முன்பாகக் கம்பியை நன்றாக மடக்கிவிட்டு வெட்டுங்கள், சில வகைக் கம்பிகளில் மேல் சுற்று அவிழ்ந்துவிடும்.

நட் பற்றிச் சொன்னேன் அல்லவா, விலை குறைந்த பேஸ்களில் அங்கேதான் பெரிய கோளாறு. பள்ளம் போதுமான ஆழம் இல்லாமல் கம்பி உயரமாக நிற்கும். முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் விரல் நுனியில் பள்ளம் விழும். பிள்ளைகள் "எனக்கு வராது" என்று ஒதுங்குவதற்குப் பாதிக் காரணம் இதுதான். வாங்கிய கையோடு சரிபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுத்து நட்டை அரம் போட்டுச் சரிசெய்துவிடுங்கள். பேஸ் விலையில் கொஞ்சத்தை இதற்கென்று ஒதுக்கி வைப்பது புத்திசாலித்தனம்.

நம் ஊர்ப் புழுக்கத்தைக் கேட்க வேண்டாம். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைக்காவிட்டால் சீக்கிரமே துரு வாசம் விரலில் ஏறும். குளிர்சாதன டேவானிலிருந்து வெயிலில் நின்ற காரின் பின்பெட்டிக்குப் போய் வருகிற நெக் அசையத்தான் செய்யும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கடியில் பாருங்கள். மெல்லிய அட்டை நுழையும் இடைவெளி இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராடு என்ற இரும்புத் தண்டைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்ப வேண்டும். ஒரே மூச்சில் திருகக் கூடாது.

சத்தம்? "இது சின்னப் புள்ள சாமான், பத்தாதுலா" என்று மேடையில் ஒருவர் சொன்னார். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹோஃப்னர் வயலின் பேஸ் 30 இன்ச்தான். ஃபெண்டரின் மஸ்டாங் பேஸும் 30 தான். சத்தம் குட்டையில் சற்று உருண்டையாக, முனை மழுங்கி வரும். எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளுக்கு எனக்கு அதுதான் பிடிக்கிறது. கட்டைவிரலால் தட்டி வாசிக்கும் ஸ்லாப்புக்கு 34-இன் கணீர் இதில் வராது, ஒப்புக்கொள்கிறேன். உறுமிக்குப் பக்கத்தில் நின்று வாசித்தால் இந்த நுணுக்கமெல்லாம் யார் காதிலும் விழாது என்பது வேறு விஷயம்.

வீட்டில் இருக்கும் கரவோக்கே ஸ்பீக்கரில் மட்டும் சொருகி விடாதீர்கள். ஈ கம்பியின் அதிர்வு 41 ஹெர்ட்ஸ். சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் கிழியக்கூடும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் பக்கத்து வீட்டுச் சுவரும் நம் சுவரும் ஒன்று. ஹெட்ஃபோன் மாட்டும் சின்ன பேஸ் ஆம்ப் போதும்.

மோட்டாரில் முதுகில் மாட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இன்னொரு லாபம். நீள பேஸின் பை என் தலைக்கு மேலே எழும்பி நிற்கும், கீழ் முனை சீட்டில் இடிக்கும். குட்டை பேஸ் பை என் உயரத்துக்கு அடங்கிவிடுகிறது. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் வளைந்து வரும்போது இது சின்ன விஷயமில்லை.

எங்கள் தாமானில் தமிழ்ப்பள்ளி முடித்து இப்போது இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றில் இருக்கும் ஒரு பெண் என்னிடம் பழக வருகிறாள். "அக்கா, உங்களதே பெருசா இருக்கு" என்றாள். அவளுக்கு 28.6 இன்ச் வாங்கச் சொன்னேன். ஐபனெஸ் மைக்ரோ, ஸ்குவையர் மினி பிரிசிஷன் இரண்டும் அந்த அளவு. தடித்த கம்பி கட்டாயம். வளர்ந்தவர்கள், எவ்வளவு சின்ன உடம்பாக இருந்தாலும், 28.6-க்குப் போகாமல் 30-இல் நிற்பது மேல் என்பது என் எண்ணம். உயரம் ஐந்தடி மூன்று, நான்கு தாண்டி விரலும் நீளம் என்றால் இந்தப் பேச்செல்லாம் வேண்டாம், 34-ஐயே எடுங்கள், தேர்ந்தெடுக்கவும் நிறைய இருக்கும்.

பழையது வாங்குவதாக இருந்தால் விலை பேசுவதற்கு முன் ட்ரஸ் ராடு திரும்புகிறதா என்று விற்பவர் எதிரிலேயே பார்த்துவிடுங்கள். இறுகிப்போய் நின்றிருந்தால், எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் கம்பி பட்ட இடத்தில் தேய்ந்த குழி இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். முதல் மூன்று ஃப்ரெட்டில் குழி ஆழமாக இருந்தால் அந்தச் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள்.