கார்ப்பெட் உள்ள வீட்டுக்கு மட்டும்: பழைய பாணி நிமிர் வேக்குவம், நீண்ட நாள் பயன்பாட்டில்

நிமிர்ந்த கைப்பிடி, அதில் தொங்கும் துணிப்பை, அடியில் விளக்கு வைத்த கனமான தலை. இந்தப் பழைய பாணி வேக்குவத்தை வாங்கலாமா என்று கேட்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வீட்டில் கார்ப்பெட் எவ்வளவு இருக்கிறது? மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் தாமான் (குடியிருப்பு) வீடுகளின் தரை பெரும்பாலும் டைல்ஸ் அல்லது சிமெண்டு. வரவேற்பறையில் ஒரு கார்ப்பெட், படுக்கையறையில் ஒன்று, சுருட்டி வைத்துத் தீபாவளிக்கு எடுத்து விரிப்பது ஒன்று. அவ்வளவு இருந்தாலே இந்த இயந்திரத்துக்கு வேலை உண்டு. ஒன்றுகூட இல்லையென்றால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம். டைல்ஸ் தரையில் ஈர்க்குமாறும் ஈரத்துணியும் இதைவிட நன்றாகவே வேலை செய்யும்.

காரணம் இதன் அமைப்பில் இருக்கிறது. இது வெறும் உறிஞ்சி அல்ல. அடித்து, வாரி, பிறகு உறிஞ்சுவது. அமெரிக்காவின் ஓஹையோவில் கேண்டன் ஊரில் ஒரு கடையைத் துப்புரவு செய்துவந்த ஜேம்ஸ் மரே ஸ்பேங்ளர், ஆஸ்துமாக்காரர். தூசி கிளப்பாமல் கார்ப்பெட்டைச் சுத்தம் செய்ய வழி தேடி, மின்விசிறி மோட்டார், துடைப்பக் கைப்பிடி, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்து ஒரு கருவி கட்டினார். 1908 ஜூனில் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டில் அது ஹூவர் குடும்பத்தின் கைக்குப் போய் விற்பனைக்கு வந்தது. 1926-இல் ஹூவர், பிரஷ் உருளையில் தட்டும் உலோகக் கம்பிகளையும் சேர்த்தது. அதற்குப் பிறகு வந்த நிமிர் வேக்குவங்களில் பல இந்த அடிப்படையைத்தான் வைத்திருக்கின்றன: முன்னால் சுழலும் உருளை, அதற்குப் பின்னால் விசிறி, அதற்கும் பின்னால் பை.

விசிறி இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். குப்பை விசிறியின் வழியாகவே பைக்குள் போகிறது. காற்று போகும் பாதை மிகக் குட்டை. அதனால் ஏராளமான காற்று ஓடுகிறது. கார்ப்பெட்டுக்கு வேண்டியது இதுதான். உருளை இழைகளைத் தட்டி மணலை மேலே கொண்டுவர, அடுத்த கணம் காற்று அதை அள்ளிக்கொண்டு போகிறது. ஆனால் இழுக்கும் அழுத்தம் குறைவு. நீளக் குழாய் மாட்டி அலமாரி இடுக்கையோ சோபா மடிப்பையோ சுத்தம் செய்யப் பார்த்தால் கை ஓய்ந்துபோகும். கூடவே தரும் குழாயை நம்பி இதை வாங்கக் கூடாது.

தோட்டப் பட்டணத்தில் இந்த வேலை ஏன் முக்கியம் என்றால், நம் தூசி வேறு மாதிரி. செம்பனைக் குலை ஏற்றும் லோரி செம்மண் சாலையில் போகும்போதெல்லாம் நுண்மண் கிளம்புகிறது. ஆலை பக்கத்தில் இருந்தால் கரியும் சேரும். செம்மண் துகள் கார்ப்பெட்டின் அடிவேர் வரை இறங்கி உட்கார்ந்துவிடும். மேலே பார்த்தால் தெரியாது. மிதிக்க மிதிக்க மணல் இழையை அறுத்துக்கொண்டே இருக்கும். வாசலுக்கு நேரே இருக்கும் பகுதி மட்டும் ஏழெட்டு மாதத்தில் மொட்டையாவது அதனால்தான். கம்பியில்லாத மெல்லிய கைவேக்குவம் மேலாக இருக்கும் முடியையும் பஞ்சையும் எடுத்துவிடும்; அடியில் உள்ள செம்மண்ணை எடுக்க உருளையின் தட்டு வேண்டும். இந்த ஒரு வேலையில் நல்ல நிலையில் இருக்கும் பழைய நிமிர் வேக்குவத்துக்கு இணை அரிது.

பலரும் தவறாக வைத்துக்கொள்வது உயரத்தை. தலையில் உயரம் மாற்றும் நெம்புகோலோ திருகோ இருக்கும். முதலில் ஆக உயரத்தில் வைத்து ஓட்டுங்கள். பிறகு ஒவ்வொரு படியாக இறக்குங்கள். இயந்திரம் தானாக மெல்ல முன்னால் இழுக்கத் தொடங்கி, மோட்டார் சத்தம் லேசாகத் தாழும் இடம்தான் சரியான உயரம். அதற்குக் கீழே இறக்கினால் சுத்தம் அதிகமாகாது. பெல்ட்டு தேயும், கார்ப்பெட்டின் இழை பிய்ந்து பைக்குள் போகும். தள்ளும் வேகத்தையும் பாதியாகக் குறையுங்கள். முன்னால் தள்ளும்போது மண் கிளம்புகிறது, பின்னால் இழுக்கும்போதுதான் பெரும்பகுதி ஏறுகிறது. வாசல் பக்கம் ஒரே இடத்தில் நான்கைந்து முறை, மற்ற இடங்களில் இரண்டு முறை, பிறகு குறுக்குத் திசையில் ஒரு முறை. தலையிலுள்ள விளக்கு அலங்காரத்துக்கு வைத்தது அல்ல. தரையோடு தரையாகச் சாய்ந்து விழும் வெளிச்சத்தில்தான் மீந்த தூசி கண்ணில் படும். பல்பு போனால் மாற்றிவிடுங்கள்.

தேயும் பொருளில் முதலிடம் பெல்ட்டுக்கு. மோட்டார் தண்டிலிருந்து பிரஷ் உருளையைச் சுழற்றும் ரப்பர் வளையம் அது. வாரம் இரண்டு முறை ஓட்டும் வீட்டில் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை தாங்கும். அறுந்தால்தான் மாற்ற வேண்டும் என்று காத்திருப்பவர்கள், பல மாதம் பாதிச் சுத்தத்தோடுதான் ஓட்டுகிறார்கள். பெல்ட்டு அறுவதற்கு நெடுநாள் முன்பே நீண்டு தொய்ந்துவிடும். அப்போது தூக்கிப் பிடித்தால் உருளை சுழலும், கார்ப்பெட்டில் வைத்தவுடன் நின்றுவிடும். ரப்பர் கருகும் வாடை, அடித்தட்டுக்குள் கறுப்புப் பொடி, முன்னால் இழுக்கும் சக்தி குறைவது, இவைதான் அறிகுறிகள். ரப்பர் வெப்பத்திலும் காற்றிலும் தானாகவே கெடும் என்று பால்மரக் காட்டு ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மலிவாகக் கிடைக்கிறது என்று பத்துப் பெல்ட்டு வாங்கி அடுக்காதீர்கள். இரண்டோ மூன்றோ போதும். காற்றுப் புகாத பையில், வெயிலும் வெளிச்சமும் படாத இடத்தில் வையுங்கள்.

மாற்றுவது பத்து நிமிட வேலை. பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. இயந்திரத்தைக் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றுங்கள். இரண்டு கிளிப்போ சில திருகுகளோ இருக்கும். உருளையை வெளியே எடுத்துப் பழைய பெல்ட்டை நீக்கி, மோட்டார் தண்டில் ஒட்டியிருக்கும் கருகிய ரப்பரைத் துணியால் துடையுங்கள். அது இருந்தால் புதுப் பெல்ட்டும் சீக்கிரம் வழுக்கும். புதியதை முதலில் தண்டில் மாட்டி, பிறகு உருளையின் பள்ளத்தில் போட்டு, உருளையை இழுத்து அதன் இருப்பில் உட்காரவையுங்கள். தண்டும் உருளையும் ஒன்றுக்கொன்று குறுக்காக உள்ள மாடல்களில் பெல்ட்டைக் கால் சுற்றுத் திருப்பி மாட்ட வேண்டும். அம்புக்குறி பார்த்துச் செய்யுங்கள். எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டால் உருளை தலைகீழாகச் சுழலும்: குப்பை முன்னால் தெறிக்கும், இயந்திரம் உங்களை நோக்கித் தள்ளும். மூடுவதற்கு முன் கையால் உருட்டிப் பாருங்கள், எங்கும் உரசக் கூடாது.

அடித்தட்டைத் திறந்த அந்த நேரத்திலேயே உருளையையும் பார்த்துவிட வேண்டும். நம் வீடுகளில் எண்ணெய் தடவிய நீள முடியும் மல்லிகைச் சரத்தின் நூலும்தான் இதற்கு முதல் எதிரிகள். நடுவில் சுற்றினால் பாதகமில்லை, கண்ணுக்குத் தெரியும். உருளையின் இரு முனைகளிலும் மூடிக்குள் புகுந்து சுற்றிக்கொள்வதுதான் ஆபத்து. சூடேறி, பிளாஸ்டிக் மூடி இளகி, பேரிங் இறுகிவிடும். மாதம் ஒரு முறை சிறு கத்தரிக்கோலால் உருளையின் நீளவாக்கில் வெட்டி உருவுங்கள். முனை மூடி கழலும் வகையென்றால் கழற்றி உள்ளேயும் எடுங்கள். கையால் சுண்டினால் சில சுற்றாவது தடையின்றி ஓட வேண்டும். பிரஷ் முடி தேய்ந்ததா என்று அறிய, மூடிய பிறகு அடித்தட்டின் வாயில் குறுக்கே ஒரு கெட்டி அட்டையை வைத்து உருளையைத் திருப்புங்கள். முடி அட்டையைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால், பெல்ட்டு எவ்வளவு புதிதாக இருந்தாலும் பயனில்லை.

அடுத்தது விசிறி. எல்லாக் குப்பையும் அதன் வழியே போவதால், காசு, கல், ஆணி எல்லாம் இறக்கையில் மோதும். பழைய அலுமினிய விசிறி நசுங்கும். பிளாஸ்டிக் விசிறி துண்டாகும். ஒரு இறக்கையின் நுனி போனாலே எடை கோணி, இயந்திரம் அதிரும். அந்த அதிர்வு மோட்டார் பேரிங்கைத் தின்னும். அதிரும் வேக்குவத்தை அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் விசிறி விலையில் முடிய வேண்டியது மோட்டார் விலையில் முடியும். காதுத் தோட்டின் திருகாணி கார்ப்பெட்டில் தொலைந்திருந்தால் முதலில் கையால் தடவித் தேடுங்கள். பைக்குள் போனதைத் தேடி எடுக்கலாம்தான். ஆனால் இங்கே அது விசிறியில் அடிபட்டுத்தான் பைக்குப் போகும்.

பையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். துணிப்பைக்குள் காகிதப்பை மாட்டும் வகையே நம் ஊருக்கு ஏற்றது. மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் மாற்றுங்கள். ஆனால் விபூதி, கோலமாவு, முகப்பவுடர் போன்ற நுண்பொடி போயிருந்தால் பை காலியாகத் தெரிந்தாலும் அதன் துளைகள் அடைத்திருக்கும், காற்று குறையும். சாமியறைப் பக்கத்தை இதால் சுத்தம் செய்யாமல் இருப்பதே நல்லது. அதற்கு இன்னொரு பெரிய காரணமும் உண்டு. ஊதுபத்திச் சாம்பலிலோ கொசுவர்த்திச் சுருளின் சாம்பலிலோ கண்ணுக்குத் தெரியாத கங்கு இருக்கலாம். உள்ளே காகிதம், பஞ்சு, முடி. அதற்கு மேல் விசிறியின் காற்று. இதைவிடச் சிறந்த அடுப்பு அமையாது. சாம்பலைத் தண்ணீர் தெளித்துத் துணியால் துடைத்தெடுங்கள்.

காகிதப்பை இல்லாத வெறும் துணிப்பையை வெளியே எடுத்துப்போய் உதற வேண்டும். உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, உலர்ந்த பிரஷால் தேய்த்தால் போதும். துவைத்தால் நெசவு தளர்ந்து தூசி வெளியேறும். நம் ஈரக்காற்றில், நிறைந்த பையை ஒரு மாதம் அப்படியே விட்டால் பூஞ்சை வாடை பிடித்துக்கொள்ளும். பிறகு ஓட்டும்போதெல்லாம் அறை முழுக்க அந்த வாடைதான். கரப்பானும் அதில் குடியேறும்.

ஆஸ்துமா உள்ள வீட்டுக்கு இது பொருந்துமா? பழைய துணிப்பை மட்டும் என்றால் பொருந்தாது. பெரிய மண்ணைப் பிடிக்கும். மூச்சை உறுத்தும் நுண்தூசியைத் துணியின் வழியே அறைக்குள்ளேயே திரும்ப ஊதும். மாலை வெயில் ஜன்னல் வழியே விழும் நேரத்தில் ஓட்டிப் பார்த்தால் அது மிதப்பது கண்ணுக்கே தெரியும். பல அடுக்குச் செயற்கை இழைப் பை கிடைக்கும் மாடலாக இருந்தால் நிலைமை எவ்வளவோ மேல். அது கிடைக்காவிட்டால், 0.3 மைக்ரோன் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேறு வகை வாங்குங்கள். மூச்சு விஷயத்தில் பழைய பொருள் மேல் உள்ள ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது.

மற்றக் குறைகளையும் மறைப்பதற்கில்லை. உலோகத் தலை வைத்தவை நல்ல கனம். மாடி வீட்டில் முதுகு சொல்லும். தலை உயரமாக இருப்பதால் கட்டிலுக்கு அடியில் போகாது. டைல்ஸில் ஓட்டினால் சிந்திய அரிசியையும் மணலையும் உருளை பின்னால் சிதறடிக்கும். ஒட்டாமல் விரித்த பிளாஸ்டிக் விரிப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். கோரைப்பாயையும் மெங்குவாங் (தாழை ஓலை) பாயையும் பிய்த்தே விடும். சத்தம் அதிகம், கைக்குழந்தை தூங்கும் வீட்டில் நேரம் பார்த்துத்தான் எடுக்க முடியும்.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் இதை விடாமல் வைத்திருக்கிறார்கள் என்றால், பழுது பார்க்க முடிகிறது. பெரும்பாலான மாடல்களில் மோட்டாருக்குக் குளிர்காற்று தனியாக வருகிறது, குப்பைக் காற்று மோட்டாருக்குள் நுழைவதில்லை. பை அடைத்துக்கொண்டாலும் மோட்டார் எளிதில் வேகாது. தேய்வது பெல்ட்டு, உருளை, பை, சில வருடங்களுக்கு ஒரு முறை, மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் கார்பன் கட்டைகள். அந்தக் கார்பன் கட்டைகள் ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். மோட்டாருக்குள் சிறு நீலப்பொறி தெரிவது இயல்பு. வளையமாக நெருப்புச் சுற்றினால் உடனே நிறுத்துங்கள். சிறு பட்டணத்து எலக்ட்ரிக் கடைக்காரரே இதையெல்லாம் செய்துவிடுவார். பேட்டரி செத்த கைவேக்குவத்தை அவரிடம் கொண்டுபோனால் தலையைத்தான் ஆட்டுவார்.

பழையது வாங்குபவர் மின்சாரத்தில் ஏமாந்துவிடக் கூடாது. அமெரிக்காவிலிருந்து வந்தவை 120 வோல்ட். நம் சுவரில் 230. நேராகச் செருகினால் சில நொடிகளில் மோட்டார் போய்விடும். 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் வேறுபாடு இந்த வகை மோட்டாருக்கு ஒரு பொருட்டல்ல, வோல்ட்தான் பொருட்டு. 800 வாட் இயந்திரத்துக்கு 1500 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) தாங்கும், வோல்ட்டை இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பயணத்துக்கு விற்கும் சின்னப் பெட்டி ஆகாது. அவ்வளவு சுமையோடு அறை அறையாகப் போவதைவிட 230 வோல்ட் மாடலுக்குக் காத்திருப்பது மேல். உலோக உடல் கொண்ட பழையவற்றில் பெரும்பாலும் இரட்டைக் கம்பி வயர்தான் இருக்கும், எர்த் இருக்காது. வெறுங்காலோடு டைல்ஸில் நிற்கும் நமக்கு அது விளையாட்டல்ல. வயர்மேனிடம் காப்புச் சோதனை செய்து, வெடித்த வயரை மாற்றி, வாய்ப்பிருந்தால் எர்த் கம்பியும் போடச் சொல்லுங்கள். பிளக்கில் 13 ஆம்பியருக்குப் பதில் 5 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். செருகியவுடன் வீட்டு இ.எல்.சி.பி. (மின்கசிவு கண்டால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்தால், திரும்பத் தூக்கிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டாம். கசிவு இருக்கிறது என்று பொருள்.

வீட்டுக்கு வந்து மெத்தையில் கறுப்புத் துணி விரித்து, வெள்ளையாகத் தூசி எடுத்துக் காட்டி, ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்பவர்களும் உண்டு. எந்த மெத்தையிலும், எந்த நல்ல வேக்குவத்திலும் அந்தத் தூசி வரும். அதே வகை இயந்திரம் கைமாறி வரும்போது விலை பல மடங்கு இறங்கியிருக்கும். வாங்கும்போது கேட்க வேண்டியது பெல்ட்டும் பையும் இப்போது எங்கே கிடைக்கும் என்பதைத்தான். மாடல் எண்ணைப் போட்டு இணையக் கடையில் தேடி இரண்டும் கிடைத்தால் மட்டும் பணத்தை எடுங்கள்.

தீபாவளிக்கு முன் பெரிய சுத்தம் முடிந்து சில மாதம் ஒதுக்கி வைப்பதாக இருந்தால், பையை எடுத்துவிடுங்கள், உருளையை வாருங்கள், பெல்ட்டை உருளையிலிருந்து கழற்றித் தளர விடுங்கள். இழுபட்ட நிலையிலேயே கிடந்தால் அது நீண்டுபோகும். வயரை இறுக்கிச் சுற்றாமல் பெரிய வளையமாகத் தொங்கவிடுங்கள். படிக்கட்டுக்கு அடியில் ஈரம் கோக்கும் மூலை வேண்டாம். காற்றோட்டமான அறையில், தரையில் இரண்டு பலகைத் துண்டு வைத்து அதன்மேல் நிறுத்துங்கள்.